ஆகஸ்டில் வெளுக்கும் பிளாக்ஸுக்கு ஏப்ரலில்தான் வைத்தியம்

கேள்வி: நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் இருக்கிறோம். நான்கு வருடம் முன்பு வீட்டின் பின்புற வேலியோரம் மூன்று பிளாக்ஸ் செடிகள் வைத்தேன். வெளிர் ரோஸ் பூ, நடுவில் சிவப்புப் பொட்டு. முதல் இரண்டு கோடையும் கொத்துக் கொத்தாகப் பூத்தது. இப்போது ஜூலை பிறந்தாலே இலையெல்லாம் மாவு தூவியது போல் வெளுக்கிறது, கீழிலைகள் காய்ந்து தொங்குகின்றன. பூ குறைந்துவிட்டது, நிறமும் பாதி இடத்தில் அடர் ஊதா ரோஸாக மாறிவிட்டது. பக்கத்துச் சுரைப் பந்தலிலும் அதே வெள்ளை. கோவையிலிருந்து வந்திருக்கும் அம்மா புளித்த மோர் தெளிக்கச் சொல்கிறார். மருந்து அடிக்கலாமா, பிடுங்கிவிடலாமா? விதை எடுத்து அம்மாவிடம் கொடுத்தனுப்பினால் ஊரில் வளருமா?

பதில்: பிடுங்க வேண்டாம். உங்கள் செடிக்கு வந்திருப்பது சாம்பல் நோய், ஒரு பூஞ்சை நோய். பார்க்க மோசமாக இருக்குமே தவிர, பிளாக்ஸை அது கொல்வது அரிது. தண்டும் இலையும் வாடினாலும் வேர் உயிரோடு இருக்கும், வசந்தத்தில் மறுபடி துளிர்க்கும். ஆனால் வருடா வருடம் இலையை இழக்கும் செடி வேரில் சேமிக்க ஒன்றும் இல்லாமல் மெலிந்துகொண்டே போகும். பூ குறைந்ததற்கு அது ஒரு காரணம். செடி நெருங்கிப்போனது இன்னொரு காரணம், அதுதான் பெரியது என்று நினைக்கிறேன்.

நீங்கள் வைத்திருப்பது பிளாக்ஸ் பேனிகுலேட்டா, தோட்டத்து உயர பிளாக்ஸ். இது வெளியூர்ச் செடி இல்லை. நியூயார்க்கிலிருந்து ஜார்ஜியா வரை, மேற்கே அயோவா வரை ஓடைக்கரைகளிலும் காட்டோரங்களிலும் தானாக வளர்ந்த செடி. ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் 18ஆம் நூற்றாண்டில் கொண்டுபோய், ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் பிரான்சிலும் நூற்றுக்கணக்கான ரகங்களாக்கி, திரும்ப அமெரிக்காவுக்கே விற்றார்கள். அங்கே பெரும்பாலும் பூவின் அளவையும் நிறத்தையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நியூ ஜெர்சியின் ஜூலை மாதப் புழுக்கத்தை அந்த ரகங்களில் பல தாங்குவதில்லை. ஓடைக்கரை என்பதை மட்டும் மனதில் வையுங்கள். வேரில் குளிர்ச்சியான ஈரம், தலையில் வெயில், சுற்றிலும் காற்று: இந்த மூன்றும் இதற்கு வேண்டும். வேலியோரத்தில் பெரும்பாலும் மூன்றுமே கிடைக்காது.

இந்த நோயின் குணம் மற்ற இலை நோய்களுக்கு நேர்மாறானது. பெரும்பாலான பூஞ்சை விதைத்தூள்கள் முளைக்க இலையில் நீர்த்துளி வேண்டும். சாம்பல் நோய்க்கு அது தேவையே இல்லை. இலை நனைந்து கிடந்தால் அது சரியாக முளைப்பதும் இல்லை. பகலில் வறண்ட வெப்பம், இரவில் கனத்த ஈரக்காற்று, நகராத காற்று, இதுதான் அதற்குப் பிடித்த சூழல். அதனால்தான் மழை பெய்யாத வாரங்களிலும் இலை வெளுக்கிறது. அந்த நேரம் மண்ணும் காய்ந்திருந்தால் செடியின் எதிர்ப்புச் சக்தி இன்னும் இறங்கிவிடும். ‘வெள்ளை வந்துவிட்டது, தண்ணீரைக் குறைப்போம்’ என்று பலர் நினைக்கிறார்கள். அது நிலைமையைக் கெடுக்கும். வாரத்துக்கு ஓர் அங்குல மழைக்குச் சமமான தண்ணீர் அடியில் இறங்க வேண்டும். சொட்டுக் குழாய் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் காலையில் ஹோஸை மண்மட்டத்தில் வைத்து மெதுவாக விடுங்கள். மேலே இரண்டு அங்குலத்துக்கு மக்கிய இலையோ மரத்தூளோ பரப்புங்கள், தண்டை ஒட்டிக் குவிக்காமல்.

சுரைக்கொடியின் வெள்ளையைப் பற்றிக் கவலை வேண்டாம். பார்க்க ஒன்று போலத் தெரிந்தாலும் இரண்டும் வேறு வேறு பூஞ்சைகள். பிளாக்ஸில் வருவது பொதுவாக அந்தக் குடும்பத்தோடு நிற்கும், சுரையில் வருவது சுரை, பூசணி, வெள்ளரி வகைகளைப் பிடிக்கும். இரண்டுக்கும் ஒரே வானிலை பிடிப்பதால் ஒரே நேரத்தில் தோன்றுகின்றன. ஆனால் அந்தப் பந்தல் பிளாக்ஸின் மேல் நிழல் விழுத்துகிறதா, காற்றைத் தடுக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் அடுத்த வருடம் இரண்டில் ஒன்றை நகர்த்தியே ஆக வேண்டும். பிளாக்ஸுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது ஆறு மணி நேர வெயில் வேண்டும். காலை வெயிலாக இருந்தால் இன்னும் நல்லது, இரவுப் பனி சீக்கிரம் காயும்.

இனி முக்கியமான வேலைக்கு வருகிறேன். அதைச் செய்ய ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டும்.

மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ மண்ணைக் கீறிக்கொண்டு சிவப்புக் கலந்த பச்சை முளைகள் வரும். நான்கு வயதுச் செடியென்றால் ஒரு தூரிலிருந்து இருபது முப்பது முளைகள் கிளம்பும். அவை ஆறு முதல் எட்டு அங்குலம் வளர்ந்ததும், தடித்த தண்டுகளாக ஐந்திலிருந்து ஏழு வரை பார்த்து வைத்துக்கொண்டு, மீதி எல்லாவற்றையும் தரையோடு வெட்டிவிடுங்கள். தூரின் நடுவில் இருப்பவற்றையும் மெலிந்தவற்றையும் முதலில் எடுங்கள். நன்றாக வளரும் முளையை வெட்ட மனசு வராது, அது எனக்குத் தெரியும். ஆனால் வெட்டாமல் விட்ட முப்பது தண்டுகளும் ஜூலையில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, உள்ளே காற்றே புகாமல், ஒரே தண்ணீருக்கும் ஒரே சத்துக்கும் போட்டி போடும். நோய் முதலில் பிடிப்பது அந்த நடுப்பகுதியைத்தான். ஏழு தண்டு விட்ட செடியில் ஒவ்வொரு கொத்தும் பெரிதாக வரும், மொத்தத்தில் பூ குறைந்ததாகவே தெரியாது. மருந்துப் புட்டி எதையும்விட இந்த அரைமணி நேர வேலைக்குப் பலன் அதிகம். இதைச் செய்யாதவருக்கு நான் வேறு எந்த யோசனையும் சொல்லத் தயங்குவேன்.

கையோடு இன்னொன்றும் செய்யலாம். மே மாதக் கடைசியில், முன்வரிசைத் தண்டுகளின் நுனியை மட்டும் மூன்றில் ஒரு பங்கு கிள்ளிவிடுங்கள். அவை குட்டையாகி, கிளைத்து, ஓரிரு வாரம் தாமதமாகப் பூக்கும். பின்வரிசை முடியும்போது முன்வரிசை தொடங்கும், கீழே மொட்டையாக நிற்கும் தண்டுகளும் மறையும்.

உங்கள் செடிகளுக்கு நான்கு வயதாகிவிட்டதால் பிரித்து நடவும் வேண்டும். செப்டம்பர் பாதியிலோ அடுத்த ஏப்ரல் தொடக்கத்திலோ தூரை மண்ணோடு தோண்டி எடுங்கள். நடுவில் கட்டைபோல் இறுகிப்போன பகுதியைத் தூக்கி எறிந்துவிட்டு, ஓரத்தில் இருக்கும் இளம் பகுதிகளை மூன்று நான்கு முளைகள் இருக்கும்படி வெட்டி எடுத்து, இரண்டடி இடைவெளியில் நடுங்கள். முளைமொட்டுகள் மண்ணுக்கு ஓர் அங்குலம் கீழே இருக்கட்டும். வேலியிலிருந்தும் இரண்டடியாவது தள்ளி நடுங்கள். உரத்துக்கு வசந்தத்தில் ஒரு கை மக்கிய உரம் போதும். தழைச்சத்து அதிகமானால் இலை கொழுத்து மென்மையாகும், நோய்க்கு அதுதான் விருந்து.

நிறம் மாறியது பலரையும் குழப்பும் விஷயம். செடி நிறம் மாறவில்லை, அங்கே வேறு செடி வளர்ந்திருக்கிறது. பிளாக்ஸின் காய் முற்றிக் காய்ந்ததும் வெடித்து விதையைச் சிதறடிக்கும். தாய்ச் செடியின் காலடியிலேயே விழுந்து முளைப்பவை ரகத்தின் குணத்தைக் கொண்டு வராது. பெரும்பாலும் காட்டுச் செடியின் அடர் ஊதா ரோஸ் நிறத்துக்கே திரும்பிவிடும். அவை வீரியமானவையும்கூட. மெலிந்துபோன தாய்ச் செடிக்கு இடையில் புகுந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் பழைய ரோஸ் இன்னும் பாதியாவது இருக்கிறது என்கிறீர்கள், அதைக் காப்பாற்றிவிடலாம். இப்போதே, பூ இருக்கும்போதே, அந்தத் தண்டுகளில் ஒரு நூலைக் கட்டி அடையாளம் வையுங்கள். பூ உதிர்ந்த பிறகு எது எது என்று கண்டுபிடிக்க முடியாது. பிரிக்கும்போது அடையாளம் உள்ளவற்றை மட்டும் எடுத்து நடுங்கள். இனி வாடிய கொத்துகளைக் காய் பிடிக்கும் முன்பே வெட்டிவிடுங்கள். பக்கக் கிளைகளில் சிறு கொத்துகள் மறுபடி பூக்கும், செப்டம்பர் வரை ஓடும்.

சரி, இந்த ஆகஸ்டுக்கு என்ன? முழுக்க வெளுத்த கீழிலைகளைக் கிள்ளி எடுங்கள். மேலே பச்சையாக உள்ளவற்றைத் தொடாதீர்கள், செடி அவற்றை நம்பித்தான் இருக்கிறது. பூ முடிந்து உறைபனி விழுந்ததும் எல்லாத் தண்டுகளையும் தரையோடு வெட்டி, உதிர்ந்த இலைகளையும் கூட்டி, குப்பைக்கு அனுப்பிவிடுங்கள். வீட்டு உரக்குழியில் போட வேண்டாம். இந்தப் பூஞ்சை காய்ந்த சருகுகளில் குளிர்காலத்தைக் கழிக்கும், வீட்டுக் குழியின் சூடு அதைக் கொல்லப் போதாது.

அம்மா சொன்ன மோருக்கு வருகிறேன். அதில் நியாயம் இருக்கிறது. பால் கலந்த நீரை வாரம் ஒருமுறை தெளித்தால் சாம்பல் நோய் குறைகிறது என்று பிரேசிலில் பூசணிக் குடும்பச் செடிகளில் செய்த ஆய்வு 1999இல் வெளியானது. பத்தில் ஒரு பங்கு பால், ஒன்பது பங்கு நீர் என்பது அதில் பலன் கொடுத்த அளவு. மோரை நன்றாக வடிகட்டி, அதேபோல் நீர்க்கக் கலந்து சுரைக்குத் தாராளமாகத் தெளிக்கலாம். பிளாக்ஸிலும் முயலலாம். ஆனால் இவையெல்லாம் வராமல் தடுக்க உதவுபவை, வெளுத்த இலையைப் பச்சையாக்காது. ஜூன் நடுவில், முதல் புள்ளி தெரிவதற்கு முன்பே தொடங்கினால்தான் பலன் தெரியும். சமையல் சோடாவைத் தவிர்த்துவிடுங்கள், அதன் சோடியம் இலையைக் கருக்கும், மண்ணிலும் தங்கும். கடையில் பொட்டாசியம் பைகார்பனேட் கிடைக்கும், அது மேல். வேப்பெண்ணெயும் பயன்படும். எதைத் தெளித்தாலும் இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும், 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாளில் கூடாது, பூவில் வண்டும் பட்டாம்பூச்சியும் உட்காரும் நேரத்திலும் கூடாது. கந்தகமும் இதற்கு அடிக்கும் மருந்துதான், ஆனால் எண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் அதைத் தெளித்தால் இலை கருகும். என்னைக் கேட்டால், வாராவாரம் தெளித்துத்தான் காப்பாற்ற வேண்டிய செடிக்கு அந்த இடமோ அந்த ரகமோ சரியில்லை என்று பொருள்.

தண்டைக் குறைத்து, இடம் மாற்றி, தண்ணீரும் ஒழுங்காக விட்டும் இரண்டு கோடை வெளுத்தால், தயங்காமல் ரகத்தை மாற்றுங்கள். டெலவேரில் உள்ள மவுண்ட் கியூபா சென்டர் என்ற தாவரத் தோட்டம் பல பிளாக்ஸ் ரகங்களை மூன்று ஆண்டுகள் வளர்த்து ஒப்பிட்டது. உங்கள் ஊருக்கு ஏறத்தாழ அதே வானிலை. அதில் முதலிடம் ‘ஜீனா’ என்ற ரகத்துக்கு. டென்னசியில் நாஷ்வில் அருகே ஹார்பெத் ஆற்றோரம் தானாக வளர்ந்து கிடந்த செடி அது. பூ சிறியது, இளம் ஊதா ரோஸ், இலை கடைசி வரை சுத்தமாக இருந்தது. பட்டாம்பூச்சிகள் வேறு எந்த ரகத்தையும்விட இதைத்தான் அதிகம் தேடி வந்தன. வெள்ளை பிடிக்கும் என்றால் ‘டேவிட்’. பென்சில்வேனியாவில் கண்டெடுத்த ரகம், 2002இல் அமெரிக்கப் பல்லாண்டுத் தாவரச் சங்கத்தின் ‘ஆண்டின் செடி’. மாலையில் வாசம் தூக்கலாக இருக்கும். வெள்ளையாக இருப்பதால் இருட்டிய பிறகும் கண்ணுக்குத் தெரியும், உட்கார்ந்து பேசும் இடத்துக்கு அருகே வைக்க நல்ல செடி. அதற்கும் சில தோட்டங்களில் லேசாகச் சாம்பல் வருகிறது, ஆனால் பழைய ரகங்கள் போல் இல்லை. ‘ஜீனா’ கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, மான். எடிசன் பக்கம் மான் நடமாட்டம் இருக்குமானால், மொட்டு வைத்த பிளாக்ஸை ஒரே இரவில் மேய்ந்துவிடும். பூ குறைந்ததில் அதற்கும் பங்கு இருக்கலாம். தண்டின் நுனி பிய்த்தது போல் கிழிந்திருந்தால் மான், கத்தியால் சாய்வாக வெட்டியது போல் இருந்தால் முயல். முட்டை கலந்த விரட்டித் திரவத்தை மழைக்குப் பிறகு மறுபடி தெளித்து வந்தால் ஓரளவு கட்டுப்படும். வேலிதான் நிரந்தரத் தீர்வு.

கடைசியாக விதை. அனுப்ப வேண்டாம். தாவர நலச் சான்றும் இறக்குமதி அனுமதியும் இல்லாமல் விதையை இந்தியாவுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பது ஒரு பக்கம். அதைவிட, இந்தச் செடிக்கு நல்ல குளிர்கால உறக்கம் வேண்டும், கோவையின் மார்கழிக் குளிர் அதற்குப் போதாது. முளைத்தாலும் வருடத்துக்கு வருடம் தேய்ந்துபோகும். அம்மாவுக்கு ஏற்றது இதன் தங்கை, பிளாக்ஸ் ட்ரம்மண்டி. டெக்சாஸ் மணல்வெளிப் பூ. தாமஸ் ட்ரம்மண்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அங்கே சேகரித்த விதை 1835இல் பிரிட்டன் போனது, அதே வருடம் அவர் கியூபாவில் இறந்துபோனார். ஊட்டி மலர்க் கண்காட்சித் தொட்டிகளில் அம்மா இதைப் பார்த்திருப்பார். ஒரு பருவத்தில் முடியும் செடி, ஓர் அடிக்கு மேல் அதிகம் போகாது. இந்திய விதைக் கடைகளில் பாக்கெட்டாகவே கிடைக்கும். அக்டோபரில் மழை படாத இடத்தில் தட்டில் விதைத்து, கார்த்திகையில் மழை ஓய்ந்ததும் மணல் கலந்த மண்ணில் நடச் சொல்லுங்கள். நான்கு அங்குலம் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் நன்றாகப் படரும். பொங்கலையொட்டிப் பூக்கத் தொடங்கி, பங்குனி வெயில் ஏறும் வரை நிற்கும்.