ஸ்டேட்டஸில் வரும் தன்னம்பிக்கை வாசகம் ஏன் ஆறுதல் தருகிறது?

முதல் காரணம், அது யாருக்கும் பொருந்தும் என்பதுதான். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்களுக்கு ஒரு குணநலத் தேர்வு வைத்தார். ஆளுக்கொரு முடிவு என்று சொல்லிவிட்டு, எல்லோருக்கும் ஒரே தாளைத்தான் கொடுத்தார். பெரும்பாலும் ஜோசியப் புத்தகத்தில் இருந்து எடுத்த வரிகள். எவ்வளவு பொருந்துகிறது என்று மாணவர்கள் போட்ட மதிப்பெண்ணின் சராசரி 5-க்கு 4.26! ‘உன் உழைப்புக்குக் காலம் பதில் சொல்லும்’ என்ற வரியைப் பாளையங்கோட்டையில் ஒரு கடைப்பையன் பார்த்தால் தனக்கே எழுதியது என்று நினைப்பான். அவனுக்குச் சம்பளப் பாக்கி வைத்திருக்கும் முதலாளியும் அப்படியே நினைப்பார்.

அப்புறம் ஓசை. ‘அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்’ என்பதில் மோனை இருப்பதால் சட்டென்று நம்பத் தோன்றுகிறது. அதையே உரைநடையில் நீட்டிச் சொன்னால் கொட்டாவிதான் வரும்.

ஆனால் வரியைவிட, அனுப்பிய ஆள்தான் முக்கியம் என்பேன். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி பெருகி நெல்லை ஜங்ஷன் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றதே, அந்த மாதிரி நேரத்தில் ‘இதுவும் கடந்து போகும்’ என்று ஒருவர் அனுப்பினால், “அண்ணாச்சி, வீட்டுக்குள்ள தண்ணி வந்துட்டா?” என்று விசாரித்த மாதிரிதான். போனில் என்ன பேசுவது என்று கூச்சப்படுகிறவர்களுக்கு இது வசதி.

எல்லா நேரமும் பலிக்காது. வட்டி கட்ட முடியாமல் தவிப்பவருக்கு ‘பணம் வாழ்க்கை இல்லை’ என்று படம் அனுப்பினால் எரிச்சல்தான் வரும்.