இரண்டாவது மேடை

கேள்வி: சென்ற மாதம் குடும்பத்துடன் கொச்சிக்குப் போயிருந்தோம். மட்டாஞ்சேரி யூத ஜெப ஆலயத்தில் சீன ஓடுகள் பதித்த தரையையும் கண்ணாடித் தொங்குவிளக்குகளையும் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது என் மகள், "இவங்ககிட்ட பாட்டு எதுவும் இல்லையாப்பா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. கொச்சி யூதர்களுக்கென்று இசையும் கலையும் இருந்தனவா? இருந்திருந்தால் ஒரு மேடை நிகழ்ச்சியாகக்கூட அவற்றை இன்று ஏன் பார்க்க முடிவதில்லை?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: மகளிடம் முதலில் சொல்லிவிடுங்கள்: பாட்டு இருந்தது; நூற்றுக்கணக்கில் இருந்தது; இன்றும் இருக்கிறது. உங்களுக்குச் சொல்ல வேண்டியது சற்று நீளமானது. கேள்வியின் கடைசி வரியில் 'மேடை' என்று ஒரு சொல்லைப் போட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டே முழுப் பதிலையும் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறிய யூதர்கள் 1568இல் கட்டிய அந்தப் பரதேசி ஜெப ஆலயத்துக்குள் நுழைகிறவர்கள் அநேகமாக எல்லோரும் தரையைத்தான் பார்க்கிறார்கள். ஓர் ஓட்டைப் போல் இன்னோர் ஓடு இல்லை என்று வழிகாட்டி சொன்னதும் எல்லாத் தலைகளும் குனிந்துவிடுகின்றன. நீங்களும் குனிந்திருப்பீர்கள். கூடத்தின் நடுவே பித்தளைக் கம்பி சூழ்ந்த ஒரு மேடை இருந்ததே, அதற்குத் தேபா என்று பெயர். வழிபாட்டை நடத்துகிறவர் அதில் நின்றுதான் ஓதுவார். அங்கே நின்று தலையை நிமிர்த்தியிருந்தால் மாடத்தில் இரண்டாவது தேபா ஒன்று தெரிந்திருக்கும். உலகில் யூதர் வாழ்ந்த எத்தனையோ நாடுகளில் ஜெப ஆலயங்கள் இருக்கின்றன. ஆனால் மாடியில் இரண்டாவது மேடை வைத்துக் கட்டியவர்கள் கேரளத்து யூதர்கள் மட்டுமே. ஓய்வுநாளிலும் திருநாட்களிலும் யூத வேதமான தோராவை அந்த மேல் மேடையிலிருந்து ராகத்தோடு ஓதினார்கள். அதற்கு நேர் பின்னால், அழி எனப்படும் மரச் சட்டத் தடுப்புக்கு அப்பால், பெண்கள் அமரும் இடம். ஆகவே வேதம் ஓதப்படும் வேளையில் அந்தக் குரலுக்கு மிக அருகில் இருந்தவர்கள் கீழே நின்ற ஆண்களில் பலரைவிடப் பெண்களே. தச்சர்கள் ஏன் அப்படிக் கட்டினார்கள் என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். எனக்கு அந்த விளக்கங்களைவிட அழிக்குப் பின்னால் இருந்தவர்களின் காதுகளே முக்கியம். உங்கள் மகள் கேட்ட பாட்டை வைத்திருந்தவர்கள் அவர்கள்தான்.

கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்தில் பாடினார்கள். ஆண்களோடு சேர்ந்து எபிரேயப் பாடல்களையும் உரக்கவே பாடினார்கள் என்றாலும், அவர்களுக்கே உரிய சொத்தாக இருந்தவை மலையாளப் பாட்டுகள். திருமணத்துக்கு முந்தைய நாட்களில் பாடுவதற்கு, மணப்பெண்ணை அலங்கரிக்கும்போது பாடுவதற்கு, குழந்தை பிறந்த வீட்டில் பாடுவதற்கு, திருநாட்களில் பாடுவதற்கு என்று தனித்தனியாக உண்டு. யோசேப்பு, மோசே, தாவீது ஆகியோரின் கதைகள் உண்டு. ஊருக்கு ஊர் ஜெப ஆலயம் எழும்பிய வரலாறும் பாட்டாக உண்டு. பைங்கிளியை அழைத்துப் பாடும் பாட்டும் உண்டு. கிளிவிடு தூது எழுதிய மொழிக்காரர்களான நமக்குக் கிளியின் காதில் ஒரு செய்தியைச் சொல்லி அனுப்புவது புதிதா என்ன? மணப்பெண் கழுத்தில் தாலியும் உண்டு. வட்டமாகக் கைகொட்டி ஆடியபடி பாடுவதும் உண்டு. அந்தப் பெண்களுக்கு வேறு பக்கவாத்தியம் தேவைப்படவில்லை.

வாத்தியமே அறியாத சமூகம் என்று இதை வைத்து எண்ணிவிடாதீர்கள். இந்த மண்ணில் யூதர்களைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சாசனங்களில் ஒன்றிலேயே வாத்தியம் இருக்கிறது. கி.பி. 1000 அளவில் சேர மன்னன் பாஸ்கர ரவி, யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்குச் செப்பேடு ஒன்று அளித்தான். பட்டயத்தில் அவர் பெயர் 'இசுப்பு இறப்பான்'. எழுத்து வட்டெழுத்து, இடையிடையே கிரந்தம். அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவுக்குரிய 72 உரிமைகளை வழங்கும்போது மன்னன் எண்ணிச் சொல்லும் பொருட்களைப் படித்துப் பாருங்கள்: பகல்விளக்கு, பாவாடை, அந்தோளகம், குடை, வடுகப்பறை, காகளம். பாவாடை நடந்து செல்ல விரிக்கும் துணி, அந்தோளகம் பல்லக்கு, காகளம் எக்காளம். பறையும் எக்காளமும் முழங்க வீதியில் செல்லும் உரிமையை அரசனே செம்பில் வெட்டிக் கொடுத்திருக்கிறான். ஆனால் அது ஆண்களுக்கும் வீதிக்கும் கிடைத்த உரிமை. வீட்டுக்குள் பெண்கள் பாடுவதற்கு எந்த அரசனும் பட்டயம் தரவில்லை; அவர்களும் கேட்கவில்லை.

அவர்கள் வைத்திருந்தது நோட்டுப் புத்தகம். என் மேசையில் இந்தச் செய்தி வரும்போதெல்லாம் மற்ற வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டுப் பேச ஆரம்பித்துவிடுகிறேன் என்று அலுவலகத்தில் சொல்வார்கள், சொல்லட்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நோட்டைப் போன்ற ஒன்றில், மலையாள எழுத்தில், ஒரு பெண் தன் தாயிடமிருந்தோ பக்கத்து வீட்டுக்காரியிடமிருந்தோ கேட்டு அல்லது பார்த்து எழுதிக்கொள்கிறாள். சில சொற்களின் பொருள் அவளுக்கே தெரியாது. பாட்டியும் அப்படித்தான் பாடினாள் என்பதற்காக அதை மாற்றாமல் எழுதுகிறாள். இன்னொருத்தி அதைப் பார்த்து எழுதும்போது ஓர் எழுத்து நழுவுகிறது, வேறோர் எழுத்து வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒரே பாட்டு நான்கு நோட்டில் நான்கு விதமாக நிற்கிறது. மேலே சுரம் கிடையாது. மெட்டு தொண்டையில் இருந்தது. சுவடியை ஒப்புநோக்கிப் பாடம் தீர்மானிப்பதை உ.வே.சாமிநாதையர் வழியாக அறிந்த நமக்கு, அடுக்களைக்கும் பிரார்த்தனைக்கும் நடுவே இந்தப் பெண்கள் அமைதியாகச் செய்துவந்த வேலையின் மதிப்பு தெரிய வேண்டும்.

அந்த நோட்டுகள் வேலிகளைத் தாண்டிப் போயிருக்கின்றன என்பதுதான் என்னை மிகவும் நெகிழச் செய்கிறது. கொச்சி யூதர்கள் ஒரே குடும்பமாக வாழ்ந்தவர்கள் அல்லர். மட்டாஞ்சேரியில் மூன்று, எர்ணாகுளத்தில் இரண்டு, பறவூர், சேந்தமங்கலம், மாளா என எட்டு ஜெப ஆலயங்கள் இருந்தன. பரதேசிகளும் அவர்களுக்கு முன்பே இங்கு வாழ்ந்துவந்த மலபாரிகளும் ஒருவருக்கொருவர் பெண் கொடுத்து எடுப்பதில்லை. பரதேசி ஜெப ஆலயத்துக்குள்ளேயே சிலருக்குச் சம உரிமை மறுக்கப்பட்டிருந்தது; வழக்கறிஞர் ஆபிரகாம் பராக் சேலம் சத்தியாக்கிரக முறையில் போராடித்தான் அந்தச் சுவரில் விரிசல் விழுந்தது. ஆண்கள் தனித்தனியாகத் தொழுத அந்தக் காலத்திலும் இரு பக்கத்துப் பெண்களின் நோட்டிலும் ஒரே பாட்டுகள் இருந்திருக்கின்றன. போதாததற்கு, பாட்டின் சாயல் கேரளத்துக் கிறித்தவர்களின் திருமணப் பாட்டுகளோடும் ஒத்துப்போகிறது. மலையாளப் பெண் என்ற ஒரு முகவரி போதுமானதாக இருந்திருக்கிறது. யூத மரபில் பெண்ணின் பாட்டுக் குரலை அந்நிய ஆண்கள் கேட்கலாகாது என்ற கட்டுப்பாடு பல நாடுகளில் உண்டு. கொச்சி ஆண்களோ தடுக்கவில்லை; கூட உட்கார்ந்து கேட்டார்கள்.

இப்போது நீங்கள் கேட்ட மேடைக்கு வருகிறேன். போலந்தின் கிராக்கோவ் நகரில் 1988 முதல் யூதப் பண்பாட்டு விழா ஒன்று நடந்துவருகிறது. ஒரு காலத்தில் யூதர்கள் நிறைந்திருந்த கசிமியெர்ஸ் பகுதியின் தெருவில் மேடை போட்டுப் பெருங்கூட்டத்துக்கு வாசிக்கிறார்கள். கேட்பவர்களில் பெரும்பாலோர் யூதர்கள் அல்லர். அது அங்கே பொருந்துகிறது. ஏனென்றால் கிழக்கு ஐரோப்பாவின் கிளெஸ்மர் என்பது கூலிக்கு அமர்த்தப்பட்ட கல்யாண வாத்தியக்காரர்களின் தொழில். நம் ஊர் நாகசுரக்காரர்களைப் போல அவர்கள் பிறர் கேட்பதற்காக வாசித்துப் பிழைத்தவர்கள். கொச்சியில் அப்படி ஒரு தொழிற்கூட்டம் கிடையாது. பாடுகிறவளும் கேட்கிறவளும் ஒருத்தியே. கல்யாண வீட்டில் பாயில் உட்கார்ந்து பாடியவர்களைத் தூக்கி மின்விளக்குக்குக் கீழே நிறுத்தினால் எதிரே உட்காருவதற்கு ஆள் வேண்டும். அந்த ஆளும் பாட வேண்டியவர்தான்.

இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு பழைய சண்டை நினைவுக்கு வருகிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சபாவின் செயலாளரிடம், கேரளத்து வீட்டுப் பாட்டுகளுக்கு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள், இந்த யூதப் பெண்களின் பாட்டுகளையும் அதில் சேர்க்கலாம் என்று கேட்டேன். "பக்கவாத்தியம் யார்?" என்றார். இல்லை என்றேன். "இயற்றியவர் யார்?" என்றார். தெரியாது என்றேன். "அப்படியானால் அது பாட்டு, சங்கீதம் இல்லை" என்று சொல்லிக் கோப்பை மூடிவிட்டார். அன்று எனக்கு வந்த கோபம் இன்றுவரை ஆறவில்லை. தாலாட்டையும் ஒப்பாரியையும் வாசலுக்கு வெளியே நிறுத்திவைக்கிற அதே அளவுகோலைத்தான் அவர் கையில் வைத்திருந்தார். இயற்றியவர் பெயர் இல்லாததால் ஒரு பாட்டுக்குத் தகுதி குறைந்துவிடும் என்றால், நம் பாட்டிமார் அத்தனை பேரும் வாய்மூடி இருந்திருக்க வேண்டும்.

1950களின் நடுப்பகுதிக்குள் கொச்சி யூதர்களில் மிகப் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடியேறிவிட்டார்கள். பேர்செபாவுக்கு அருகே நெவாத்திம் போன்ற விவசாயக் குடியிருப்புகளில் அவர்களை அமர்த்தினார்கள். பிள்ளைகள் எபிரேயம் பேசினார்கள். மலையாளப் பாட்டு கிழவிகளின் பெட்டிக்குள் போயிற்று. மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் ஜெப ஆலயத்தின் செதுக்கு வேலை நிறைந்த உட்புற மரங்கள் கழற்றப்பட்டு இன்று ஜெருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. இங்கே எஞ்சிய கட்டடத்தின் முகப்பு 2019 மழையில் சரிந்து விழுந்தது. மரத்தை எண் போட்டுக் கழற்றலாம், மீண்டும் பூட்டலாம். குரலை அப்படிச் செய்ய முடியாது. ஆனாலும் செய்தார்கள். 1970களிலிருந்து அமெரிக்க மானிடவியலாளர் பார்பரா ஜான்சனும் கேரளத்தின் பி. எம். ஜுஸ்ஸேயும் வேறு சிலரும் நோட்டுகளைத் தேடிப் போனார்கள். முதியவர்களைப் பாடச் சொல்லிப் பதிவு செய்தார்கள். மட்டாஞ்சேரியில் 1912இல் பிறந்து இஸ்ரேலில் குடியேறிய ரூபி டேனியல், தள்ளாத வயதில் உட்கார்ந்து பாட்டுகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 2004இல் ஜெருசலேம் ஹீப்ரூ பல்கலைக்கழகத்தின் யூத இசை ஆய்வு மையம் பாடல்களை ஒலித்தகடாக வெளியிட்டது. அடுத்த ஆண்டு மலையாளப் பேராசிரியர் ஸ்கரியா சக்கரியாவும் ஓஃபிரா காம்லியேலும் எபிரேய மொழிபெயர்ப்போடு பாடல்களைத் தொகுத்து ஜெருசலேமில் நூலாக்கினார்கள். அந்த நூலின் பெயர் 'கார்குழலி'. எபிரேய எழுத்துக்கு நடுவே அந்தச் சொல்லைக் கண்டபோது, வெளியூரில் நம் ஊர்க்காரரைத் திடீரென்று எதிரே பார்த்ததுபோல் இருந்தது எனக்கு. இஸ்ரேலில் பேத்தி வயதுப் பெண்களும் இப்போது குழுவாகச் சேர்ந்து மேடையில் பாடுகிறார்கள். முன்பு சொன்னதை மறந்து அதையும் குறை சொல்ல மாட்டேன். பாடுவதற்குக் கல்யாண வீடு இல்லாதபோது வேறு என்ன செய்வார்கள்?

மீண்டும் அந்தப் பக்கம் போனால் மட்டாஞ்சேரியோடு திரும்பிவிடாதீர்கள். வடக்கே பறவூருக்கும் சேந்தமங்கலத்துக்கும் போங்கள்; இரண்டு ஊர் ஜெப ஆலயங்களும் புதுப்பிக்கப்பட்டு அருங்காட்சியகங்களாகத் திறந்திருக்கின்றன. சேந்தமங்கலத்தில் வாசலுக்கு முன்னால் ஒரு கல்லறைக் கல் நிற்கும். 1269ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இந்தியாவில் கிடைத்த மிகப் பழைய எபிரேயக் கல்லெழுத்து என்று அறியப்படுவது. அதில் இருப்பது ஒரு பெண்ணின் பெயர்: இஸ்ரேலின் மகள் சாரா. உங்கள் மகளை அதன் முன்னால் சிறிது நேரம் நிற்கச் சொல்லுங்கள். பிறகு மாடிக்கு ஏற்றிவிட்டு, இரண்டாவது மேடைக்குப் பின்னால் அழி ஓரமாக உட்காரவைத்து, அந்த 2004ஆம் ஆண்டுப் பதிவைக் கைப்பேசியில் மெல்லிய ஒலியில் போடுங்கள். ஒருத்தி எடுப்பாள், மற்றவர்கள் அரைச் சொல் தாமதித்துச் சேர்ந்துகொள்வார்கள். கீழே கூடம் காலியாகத்தான் இருக்கும்.