ரீயூனியன் தீவு: எரிமலை, கோயில், கடல் – வாசகர் கேள்வி பதில்

மொரிசியஸ் சுற்றுலாவோடு ரீயூனியனையும் சேர்த்து எரிமலையைப் பார்த்துவர முடியுமா? எந்த மாதம் நல்லது? – வாசகி, திருச்சி

தாராளமாக. விமானத்தில் முக்கால் மணி நேரம்தான். விசாவில் மட்டும் கவனம் தேவை. ரீயூனியன் பிரான்ஸின் ஒரு மாவட்டம் என்றாலும் ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகளின் பொது விசா) எல்லைக்குள் வராது. பாரிஸுக்காக வாங்கிய விசாவை நம்பிக் கிளம்பாமல், விண்ணப்பத்திலேயே ரீயூனியன் பெயரைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

மே முதல் அக்டோபர் வரை போகலாம். ஜனவரி, பிப்ரவரி புயல் காலம். 2007 பிப்ரவரியில் கமேட் புயலின்போது, எரிமலைக்குப் போகும் வழியிலுள்ள கொமர்சோன் பள்ளத்தில் மூன்றே நாளில் சுமார் 3,930 மி.மீ. மழை கொட்டியது. அது உலக சாதனை!

எரிமலையின் வாய் வரை நடந்து போகலாமாமே? அறுபது வயதான அப்பாவையும் அழைத்துப் போகலாமா? – வாசகர், கோவை

எரிமலையின் பெயர் பித்தோன் தெ லா ஃபுர்னேஸ், உயரம் சுமார் 2,630 மீட்டர். பூர்-முரா என்ற ஊரிலிருந்து காரில் ஒரு மணி நேரம் ஏற வேண்டும். பெட்ரோலை அந்த ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் பங்க் கிடையாது. அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடும். நம் ஊர்ப் பழக்கத்தில், வளைவு திரும்பியதும் கை தானாக இடப்பக்கம் போய்விடும், ஜாக்கிரதை.

சாலை பா தெ பெல்கோம்ப் என்ற இடத்தில் முடிகிறது. அங்கிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் உறைந்த லாவாத் தரை. பாறைகளில் வெள்ளைப் பெயின்ட் அடையாளங்கள் இருக்கும், அவைதான் வழி. சிறிது தூரத்தில் ஃபோர்மிகா லியோ என்ற செம்பழுப்பு நிறக் குட்டிக் கூம்பு வரும். அதைத் தாண்டி மேலே ஏறினால், எரிமலையின் வாயான தொலோமியூ பள்ளத்தின் விளிம்பு. 2007 ஏப்ரல் வெடிப்பின்போது இந்தப் பள்ளத்தின் தரை 300 மீட்டருக்கும் அதிகமாக உள்ளிறங்கிவிட்டது. விளிம்பில் பாறை விரிசல் விட்டு நிற்பதால் தடுப்பைத் தாண்டவே கூடாது.

போய்வர ஐந்தாறு மணி நேரமாகும். விடியும்போதே நடையைத் தொடங்கிவிட வேண்டும். காலை பத்து மணிக்கெல்லாம் மேகம் ஏறத் தொடங்கிவிடும். மூடுபனியில் அடுத்த பெயின்ட் அடையாளம் தெரியாமல் போவதால்தான் ஆட்கள் வழி தவறுகிறார்கள். அப்படி ஆனால், கடைசியாகப் பார்த்த அடையாளத்தின் அருகிலேயே நின்று பனி விலகக் காத்திருங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, ஸ்வெட்டர், மழைக்கோட்டு வேண்டும். வழியில் நிழலும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஜூலையில் விடியற்காலைக் குளிர் பூஜ்யத்தைத் தொடும், பதினோரு மணிக்கு வெயில் தோலை உரிக்கும். கால் தடுக்கிக் கையை ஊன்றினால் லாவா கண்ணாடிச்சில்லு மாதிரி கிழித்துவிடும். செருப்பு வேண்டவே வேண்டாம், கெட்டியான அடிப்பாகமுள்ள ஷூ போடுங்கள்.

தினமும் நடந்து பழகியவர் என்றால் அப்பா வரலாம். ஆனால் இறங்கிய படிகளை, களைத்துப்போன கால்களோடு கடைசியில் ஏறியாக வேண்டும். முழங்கால் வலி இருந்தால் ஃபோர்மிகா லியோவோடு திரும்பிவிடுங்கள். சாலை முடியும் பா தெ பெல்கோம்ப் பார்வைத் தளத்திலிருந்து பார்ப்பதே கண்கொள்ளாக் காட்சிதான்.

எரிமலை வெடிக்கும் நேரத்தில் போனால்? – வாசகர், மதுரை

வெடிப்பு நெருங்கினாலே படிக்கட்டின் வாயிலைப் பூட்டிவிடுவார்கள். யாரும் உள்ளே போகக் கூடாது. லாவா கிழக்குச் சரிவில் கடல் நோக்கி இறங்கினால் சேந்த்-ரோஸுக்கும் சேன்-ஃபிலிப்புக்கும் இடைப்பட்ட கரையோரச் சாலையிலிருந்து பார்க்க முடியும். வெடிப்பு இல்லாத நாளிலும் இந்தச் சாலையை விடாதீர்கள். பழைய லாவா ஓட்டங்கள் குறுக்கே கிடக்கின்றன. புதியது வெறும் கறுப்பு, பழையதில் பெரணியும் மரமும் முளைத்திருக்கும். 1977இல் லாவா ஒரு தேவாலயத்தின் வாசலுக்குள் நுழைந்து அங்கேயே உறைந்துவிட்டது. அந்தக் கோயிலில் இன்றும் வழிபாடு நடக்கிறது.

அங்கே தமிழ்க் கோயில்கள் உண்டாமே, தீமிதி பார்க்க முடியுமா? – வாசகி, காரைக்கால்

பிரிட்டனும் பிரான்ஸும் செய்துகொண்ட 1860 ஒப்பந்தத்துக்குப் பின் கரும்புத் தோட்டங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர். அவர்களின் வழிவந்தோர் இன்று கிரியோலும் (பிரெஞ்சிலிருந்து உருவான உள்ளூர் மொழி) பிரெஞ்சும் பேசுகிறார்கள். தமிழ் பெரும்பாலும் பூஜையில்தான் கேட்கும். சேந்த்-ஆந்த்ரே, சேன்-பியேர் ஊர்களின் கோயில்கள் பெரியவை. தைப்பூசக் காவடியும், ஆண்டின் தொடக்கத்தையொட்டியும் ஜூலை, ஆகஸ்ட் வாக்கிலும் நடக்கும் தீமிதியும் முக்கிய விழாக்கள். தீ மிதிப்பவர்கள் 18 நாள் விரதமிருந்து வருகிறார்கள், அது வேடிக்கைக் காட்சி அல்ல. முதல்நாள் மாமிசம் சாப்பிட்டிருந்தால் உள்ளே போகாதீர்கள். தோல் பெல்ட், தோல் பையைக் கழற்றி வையுங்கள், படமெடுக்கும் முன் அனுமதி கேளுங்கள்.

குழந்தைகளோடு கடலில் இறங்கலாமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா? – வாசகி, சென்னை

மேற்குக் கரையில் எர்மிதாஜ் போன்ற பவளத்திட்டு சூழ்ந்த ஆழமற்ற கடலில் மட்டும் இறங்குங்கள். வேறிடங்களில் சுறா அபாயம். திட்டு உடையும் வாய்க்கால் பக்கம் நீரோட்டம் இழுக்கும், அங்கே குழந்தைகளை விடாதீர்கள்.

சோறு, பருப்பு, கீரை, தக்காளி ருகாய் (காரச் சட்னி) எங்கும் கிடைக்கும். அவரை, பருப்பில் சில வீடுகளில் புகையூட்டிய பன்றி இறைச்சி சேர்ப்பதுண்டு, கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். சலாஸி பள்ளத்தாக்கில் நம் சௌசௌ வேலியெல்லாம் படர்ந்திருக்கும், அங்கே அதைக் குழம்பு முதல் கேக் வரை எல்லாமாகவும் செய்கிறார்கள்.