பையன் பேண்டோடு ஊர் சுற்றப் போகிறேன் என்கிறான்: ஓர் அம்மாவுக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல், இரண்டு அரியர், கோவையில் நாலு பசங்களாகச் சேர்ந்து ஒரு பேண்ட், சொந்தமாக ஏழு பாட்டு. "படிப்பை நிறுத்திட்டு ஒரு வருஷம் ஊர் ஊராப் போய் வாசிக்கப் போறோம்" என்று பொங்கல் லீவில் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அவன் அப்பா அன்றிலிருந்து அவனோடு பேசவில்லை. "கூத்தாடிப் பொழப்பு" என்று உங்கள் அண்ணன் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள்.

அண்ணன் சொன்னதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஊர் ஊராகப் போய் வாசித்துக் குடும்பம் நடத்துவது நமக்குப் புதிதா என்ன? நாகஸ்வர செட், நையாண்டி மேளம், லைட் மியூசிக் ட்ரூப் எல்லாம் அப்படித்தானே பிழைக்கின்றன. தை பிறந்தால் கல்யாணம். பங்குனி, சித்திரையில் திருவிழா. ஆடியில் கல்யாணம் கிடையாது, ஆனால் அம்மன் கோயில்கள் கைகொடுக்கும். வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸ் வாங்கி டைரியில் தேதி எழுதிவிட்டால் அந்த வருஷம் எப்படிப் போகும் என்று ட்ரூப்காரருக்குத் தெரிந்துவிடும். அவருக்கு ஒரு சௌகரியம் உண்டு. அவர் மேடையேறும்போது ரசிகர் ஏற்கெனவே தயார். இளையராஜாவும் ரஹ்மானும் சேர்த்து வைத்த கூட்டம் அது. முதல் நாலு சுரம் கேட்டதும் விசில் பறக்கும். உங்கள் பையன் வாசிக்கும் பாட்டை யாருமே இதற்கு முன் கேட்டதில்லை. கேட்பவரை ஒவ்வொருத்தராக அவனே தேடிப் பிடிக்க வேண்டும். தொழிலின் கஷ்டம் முழுக்க இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

போன வருஷம் இன்னொரு பேண்ட் பையன்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். அவர்களும் கோவைதான். அவர்களில் டிரம்மர் ஒரு நீள நோட்டு வைத்திருந்தான், மளிகைக் கடைகளில் இருக்குமே அந்த மாதிரி. பெங்களூரில் ஒரு மதுக்கூடத்தில் வாசித்த ராத்திரிக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தான். வரவு 30,000 ரூபாய். நாலு பேரும் ஒரு சவுண்ட் இன்ஜினியரும் ஸ்லீப்பரில் போய்வர 3,000. சாமான் ஏற்றி இறக்க டெம்போ, ஆட்டோ 2,400. ரூம் 3,600. சாப்பாடு 4,000. போவதற்கு முன் ஜாம் பேடில், அதாவது வாடகை ஒத்திகை அறையில், மணிக்கு 400 வீதம் 12 மணி நேரம் ஒத்திகை, 4,800. கிடார் கம்பி, டிரம் ஸ்டிக் 1,900. சவுண்ட் இன்ஜினியருக்கு 4,000. வீடியோ எடிட் 1,500. கூட்டிக் கழித்தால் மிச்சம் 4,800. தலைக்கு 1,200.

"மூணு நாளுக்கு ஆயிரத்து இருநூறா! கொத்தனார் ஒரே நாள்ல சம்பாதிச்சிடுவாரே" என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வார். சரியாகத்தான் சொல்வார். ஆனால் அந்தப் பக்கத்தின் அடியில் பென்சிலில் இன்னொரு வரி இருந்தது: "மொத்தம் 70 பேர். போன தடவை வந்தவங்க 9. புது போன் நம்பர் 37." அதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். பெங்களூரில் அது அவர்களுக்கு இரண்டாவது ஷோ. சொந்தக்காரர் இல்லை, காலேஜ் நண்பர் இல்லை. முன்பின் தெரியாத ஒன்பது பேர் வேலை முடிந்து அந்த ஊர் டிராஃபிக்கில் மறுபடியும் கிளம்பி வந்திருக்கிறார்கள். ரசிகர் என்றால் எனக்கு அந்த ஒன்பது பேர்தான். பத்தாயிரம் ஃபாலோயர் இருக்கிறார்கள் என்று ஒரு பேண்ட் சொன்னால் "சேலத்தில் எத்தனை பேர் டிக்கெட் எடுப்பாங்க?" என்று கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது.

ஆகவே, அம்மா, உங்கள் பையனிடம் "இதுல எவ்வளவு வரும்?" என்று கேட்காதீர்கள். அதற்கு அவன் ரோஷத்தில் ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லி வைப்பான். "ரெண்டாவது தடவை யார் வந்தாங்க?" என்று கேளுங்கள்.

அடுத்தது படிப்பு. இதில் நான் கொஞ்சம் கறார். இன்னும் மூன்று செமஸ்டர்தான். இப்போது நிறுத்துவது தேவையற்ற நஷ்டம். நிறுத்தினால்தான் டூர் போக முடியும் என்று அவன் சொல்வதும் சரியில்லை. கோவையைப் போல வசதியான ஊர் ஒரு பேண்டுக்கு அமைவது லேசில்லை. கொச்சி நாலு மணி நேரம். பெங்களூர், சென்னை, திருவனந்தபுரம் எல்லாம் ஓர் இரவுப் பயணம். வெள்ளி ராத்திரி ரயிலேறி, சனிக்கிழமை வாசித்து, ஞாயிறு ராத்திரி கிளம்பினால் திங்கள் காலை முதல் பீரியடுக்குக் கண் எரிய எரிய உட்கார்ந்துவிடலாம். மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை போதும். அதுவும் பன்னிரண்டு ஊருக்கு ஒரு தடவை போவதைவிட, நாலு ஊருக்கு மூன்று தடவை போகட்டும். ஒரு தடவை பார்த்தவர் மறந்துவிடுவார். மூன்றாவது தடவை அவரே நண்பனைக் கூட்டிக்கொண்டு வருவார்.

வேலையோடு இசையை வைத்துக்கொண்டவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். பெங்களூரின் அகம் குழு 2003இல் தொடங்கியது. 2007இல் சன் டிவி போட்டியில் ஜெயித்தார்கள். முதல் ஆல்பம் வந்தது 2012இல். ஒன்பது வருஷம்! உறுப்பினர்கள் பலர் அத்தனை காலமும் ஐ.டி. போன்ற வேலைகளில் இருந்துகொண்டே வாசித்தார்கள். டெல்லியின் இந்தியன் ஓஷன் 1990இல் பிறந்தது, முதல் ஆல்பம் 1993இல். ஆனால் நாடு முழுக்கப் பெயர் வாங்கித் தந்த ஆல்பத்துக்கு 2000 வரை காத்திருந்தார்கள். அதில் பாஸ் கிடார் வாசிக்கும் ராகுல் ராம் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். இதை உங்கள் அண்ணனிடம் கட்டாயம் சொல்லுங்கள். இன்னொன்று: 2010இல் அவர்கள் தங்கள் புது ஆல்பத்தை மாதம் ஒரு பாட்டாக இணையத்தில் இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள். பாட்டைக் கொடுத்தால் ஆள் வரும், ஆள் வந்தால் மேடை கிடைக்கும். இருபது வருஷம் வாசித்த பிறகும் அவர்கள் போட்ட கணக்கு அதுதான்.

வேறு வழியில் கூட்டம் சேர்ந்ததும் உண்டு. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் தடவை மேடையேறியது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த குழு. கானா, ராப், ராக், பறை எல்லாம் ஒரே மேடையில். சாதியைப் பற்றி நேருக்கு நேர் பாடினார்கள். இந்தப் பாட்டுக்காகவே காத்திருந்த மாதிரி ஜனம் திரண்டது. எல்லாருக்கும் அப்படி அமையாது. ஆனால் "நீங்க எதைப் பத்திப் பாடுறீங்க, அது யாருக்கு வேணும்?" என்று உங்கள் பையன்கள் ஒரு நாள் உட்கார்ந்து பேசியாக வேண்டும். ஆங்கிலத்தில் பாடினால் பெங்களூர், மும்பை மதுக்கூடங்கள் கிடைக்கலாம். தமிழில் பாடினால் மதுரையும் திருநெல்வேலியும், ஏன் யாழ்ப்பாணமும் சிங்கப்பூரும்கூடக் கேட்கும். ஏழு பாட்டில் எத்தனை தமிழ் என்று நீங்கள் எழுதவில்லை.

ஆன்லைன் வருமானத்தை நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம். ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது 2019இல். 2024 முதல் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் 1,000 தடவையாவது ஓடாவிட்டால் அந்தப் பாட்டுக்குக் காசே கிடையாது. ஓடினாலும் டீச்செலவுக்குத்தான் ஆகும். அதையெல்லாம் விசிட்டிங் கார்டு மாதிரி வைத்துக்கொள்ளலாம். கையில் காசு வருவது மேடையிலும், மேடைக்குப் பக்கத்தில் டிஷர்ட் விற்கும் மேஜையிலும்தான். அந்த மேஜையில் ஒரு நோட்டோ கியூ.ஆர். கோடோ வைத்து, வருகிறவரின் நம்பரையும் ஊரையும் வாங்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் என்றால், அவர் இவர்கள் நம்பரை சேவ் செய்தால்தான் செய்தி போய்ச் சேரும். நின்று பேசி, அங்கேயே சேவ் செய்ய வைக்க வேண்டும். பாடி முடித்து வியர்த்து வழியும்போது இதைச் செய்ய யாருக்கும் பிடிக்காது. அதனால்தான் பேண்டில் ஒருத்தராவது வெட்கமில்லாதவராக இருக்க வேண்டும் என்பேன்.

காகித விஷயங்களில் பையன்கள் கோட்டை விடுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மேலே சொன்ன நோட்டுப் பையன்களுக்கே ஓரிடத்தில் மீதிப் பாதிப் பணம் ஐந்து மாதம் வரவில்லை. பெயர் வேண்டாம். வாய்ப்பேச்சில் முடித்துவிட்டுப் போனதுதான் தப்பு. பாதி அட்வான்ஸ், மீதி மேடையேறுவதற்கு முன். தங்குமிடம் யார் பொறுப்பு, டிரம் கிட்டும் ஆம்பும் அங்கே இருக்கிறதா, சவுண்ட் செக் எத்தனை மணிக்கு என்று எல்லாவற்றுக்கும் ஒரு மெயில் போதும். "பணம் தர முடியாது தம்பி, ஆனா நல்ல எக்ஸ்போஷர்" என்று சொல்பவரிடம் ரயில் டிக்கெட்டாவது வாங்கிக்கொள்ளட்டும். எக்ஸ்போஷரைக் காட்டினால் டி.டி.ஆர். விடமாட்டார்.

இதைவிடப் பெரிய காகிதம், நாலு பேருக்குள் எழுதிக்கொள்வது. யார் மெட்டு, யார் வரி, வருகிற காசில் யாருக்கு எவ்வளவு, ஒருத்தன் விலகினால் பேண்டின் பெயர் யாருக்கு? நட்பாக இருக்கும்போதே எழுத வேண்டும். சண்டை வந்த பிறகு யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள். ஒரு பாட்டின் பதிப்புரிமை எழுதியவர் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டு நிற்கும். 2012இல் வந்த சட்டத் திருத்தம் பாடலாசிரியர், இசையமைப்பாளரின் ராயல்டி பங்கைக் காப்பாற்றுகிறது. பாட்டெழுதுபவரும் மெட்டமைப்பவரும் அவர்களுக்காக ராயல்டி வசூலித்துக் கொடுக்கும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகிவிடலாம். ஏதாவது கம்பெனி "எல்லா உரிமையும் எங்களுக்கு" என்று பத்திரம் நீட்டினால் கையெழுத்துக்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். சில இடங்களில் வரி பிடித்துக்கொண்டு கொடுப்பார்கள். ரிட்டர்ன் தாக்கல் செய்தால் அது திரும்பி வரலாம், இந்த வயதில் பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

இனி, ஓர் அம்மா நேரடியாகத் தலையிட வேண்டிய இடம். காது. பாதுகாப்பான சத்தத்துக்கு அளவு 85 டெசிபல், எட்டு மணி நேரம் என்பார்கள். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். டிரம்முக்குப் பக்கத்தில் 100 டெசிபல் சாதாரணம்; கணக்குப்படி அங்கே 15 நிமிஷம்தான். இவர்கள் மூன்று மணி நேரம் நிற்கிறார்கள். ராத்திரி காதுக்குள் "கொய்ய்" என்று கேட்கிறதா என்று கேளுங்கள். கேட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். இசைக்காரர்களுக்கென்றே இயர்பிளக் விற்கிறார்கள். அடுத்த பிறந்தநாளுக்குச் சட்டை வேண்டாம், அதை வாங்கிக் கொடுங்கள். இன்னொன்று, ஷோ முடிந்து ராத்திரியோடு ராத்திரியாக வண்டி ஓட்டித் திரும்பக் கூடாது. ரூம் வாடகையை மிச்சம் பிடிக்கிறேன் என்று விடியற்காலை மூன்று மணிக்கு நெடுஞ்சாலையில் தூங்கி வழிவார்கள். ரயில் நல்லது, ஸ்லீப்பரில் ஆளுக்கு 40 கிலோ சாமான் இலவசம். குடியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மதுக்கூடத்தில் வாசிப்பவனுக்குக் கிளாஸ் நீட்டப்படும், உண்மைதான். 21 வயது ஆகாதவரைப் பல இடங்களில் உள்ளேயே விடமாட்டார்கள், அதனால் வயதையும் முன்கூட்டியே சொல்லித் தேதி வாங்க வேண்டும். மற்றது, ஹாஸ்டலில் இருக்கும் எந்தப் பையனுக்கும் உள்ள அதே பயம்தான்.

இசையையே படிக்கட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். ரஹ்மான் 2008இல் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி சென்னையில் இருக்கிறது. தரமணி எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவு படிக்கலாம். லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் இசை கிரேடு தேர்வுகளைப் படித்துக்கொண்டே எழுதலாம். பேண்டுக்கு இதெல்லாம் கட்டாயமில்லை. ஆனால் மெக்கானிக்கல் முடித்த கையோடு லைவ் சவுண்ட், அதாவது மேடை ஒலியமைப்பு, கற்றுக்கொண்டால், பேண்ட் இல்லாத வாரங்களில் அடுத்தவர் கச்சேரிக்கு சவுண்ட் மிக்ஸர் இயக்கிச் சம்பாதிக்கலாம். மேலே கணக்கில் 4,000 வாங்கினாரே ஒருத்தர், அந்த இடம்.

நான் சொல்லும் ஏற்பாடு இது. அரியர் இரண்டையும் வருகிற செமஸ்டரிலேயே முடிக்க வேண்டும். டிகிரி வாங்கும் வரை மாதம் இரண்டு சனிக்கிழமை அவனுடையது, யாரும் எதுவும் கேட்கக் கூடாது. வீட்டிலிருந்து பணம் கிடையாது, ஆனால் கடன் வாங்கி கிடாரோ வண்டியோ வாங்கவும் கூடாது. டிகிரிக்குப் பிறகு இரண்டு வருஷம் முழு நேரமாகப் பார்க்கட்டும், அதில் நாலு ஊரில் திரும்பி வரும் முகங்கள் ஏறுகின்றனவா என்று நோட்டு சொல்லிவிடும். ஏறவில்லை என்றால் அவனே புரிந்துகொள்வான்; இருபத்து நாலு வயதில் கையில் டிகிரியோடு நிற்பவனுக்குக் கதவுகள் அடைபடுவதில்லை.

அவன் அப்பாவைப் பற்றி ஒன்று. அவர் இதுவரை அந்தப் பையன் மேடையில் நின்று பார்த்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த ஷோ கோவையில் என்றால் இருவரும் போங்கள். பாஸ் கேட்காதீர்கள், டிக்கெட் வாங்கிப் போங்கள். ஸ்பீக்கருக்கு எதிரே நிற்க வேண்டாம், பின்னால் மிக்ஸர் மேஜைக்குப் பக்கத்தில் நில்லுங்கள், சத்தம் அங்கேதான் சரியாகக் கேட்கும். காதுக்கு இயர்பிளக் எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டு பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, கூட்டத்தைப் பாருங்கள்: வரிகளைக் கூடவே பாடுகிறவர் யாராவது இருக்கிறாரா என்று. இருந்தால் எண்ணிக்கொண்டு வந்து எனக்கு எழுதுங்கள்.