வீங்கும் களிமண்ணில் வீதி: கேள்வி பதில்

கொக்குவிலில் இருந்து: முருங்கன் பக்கத்து உள்வீதிகளில் பஸ் படகு மாதிரி ஆடுகிறது. எங்கள் ஊர் வீதிகள் அப்படி நெளிவதில்லையே, ஏன் ஐயா?

நமது யாழ்ப்பாணத்தில் கீழே சுண்ணாம்புக்கல், மேலே செம்மண், நீர் வடிந்துவிடும். முருங்கன், துணுக்காய்ப் பக்கம் கறுப்புக் களி. அதிலுள்ள மொன்மொரிலோனைற்று என்ற கனிமம் தகடு தகடானது; இடையே நீர் புகுந்தால் வீங்கும், காய்ந்தால் ஒடுங்கும். வீதியின் நடுவைத் தார் மூடியிருப்பதால் அங்கே ஈரம் அதிகம் மாறாது. ஓரம்தான் மாரியில் ஊறிக் கோடையில் பிளக்கிறது. வெடிப்பு ஓரத்தை ஒட்டி நீளமாக ஓடுவது அதனால்தான்.

சாவகச்சேரியில் இருந்து: தாரைத் தடிப்பாகப் போட்டால் அடங்காதா?

பணம் போகும், வெடிப்புப் போகாது.

மானிப்பாய் ஒப்பந்தகாரர்: வீக்கத்தை அடக்கக் களியில் சுண்ணாம்பு எவ்வளவு கலக்கலாம்? இங்கே சுண்ணாம்புக்கல் அரைத்த தூள் மலிவு.

அந்தத் தூளைத் தொடாதீர்கள், தம்பி. சூளையில் சுட்ட சுண்ணாம்போ நீற்றியதோதான் களியோடு வினைபுரியும். வழக்கமாக உலர்மண் எடையில் 3 முதல் 8 வீதம்; சரியான அளவை ஆய்வுகூடம் சொல்லட்டும். சுண்ணாம்பைப் பரப்பி, நீர் தெளித்து, கட்டி உடையக் கலந்து, ஓரிரு நாள் ஊறவிட்டு, மறுபடி கலந்த பிறகே உருளை ஏற வேண்டும். விரலில் பிசுக்காக ஒட்டிய களி அப்போது பொலபொலவென்று உதிரும். கையுறை, கண்ணாடி இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள். சுட்ட சுண்ணாம்பு தோலை வேகவைத்துவிடும்.

பூநகரியில் இருந்து: உவர் நிலத்திலும் இதே வைத்தியமா?

முதலில் மண்ணில் சல்பேற்று உப்பு எவ்வளவு என்று சோதியுங்கள். அது மிகுந்த மண்ணில் சுண்ணாம்பு சேர்ந்தால் அதன் கல்சியத்தால் எட்ரிங்கைற்று என்ற படிகம் வளர்ந்து, வீக்கம் முன்பைவிட மோசமாகும். சீமெந்துக்கு மாறினாலும் தப்ப முடியாது. அதிலும் கல்சியம் இருக்கிறது. அங்கே களியை அகற்றிக் கிரவல் நிரப்புவதே எனக்கு நிம்மதி, செலவு கூடினாலும்.

சுன்னாகம் மாணவி: வீங்கும் மண் என்று எளிதாக எப்படி அறிவது?

425 மைக்ரோன் அரிதட்டில் சலித்த உலர்மண்ணை 10 கிராம் வீதம் இரண்டு அளவுச்சாடிகளில் இடுங்கள். ஒன்றில் நீர், மற்றதில் மண்ணெண்ணெய், 24 மணி நேரம். மண்ணெண்ணெயில் களி வீங்காது. நீரிலுள்ள மண்ணின் கனவளவு மண்ணெண்ணெயில் உள்ளதைவிட 50 வீதத்துக்கு மேல் கூடியிருந்தால் அந்த மண்ணை நம்பாதீர்கள், பிள்ளை.

கோப்பாயில் இருந்து: வீதியோர மரங்களை வெட்டலாமா?

பெரிய மரத்தின் வேர் கோடையில் களியை இன்னும் உலர்த்தும் என்பது உண்மை. வெட்டினால் ஈரம் திரும்பி மண் எழும்பும். வெட்டத்தான் வேண்டுமென்றால் வீதி போடுவதற்கு ஒரு மாரிக்காவது முன்னரே வெட்டுங்கள்.