கங்கோங் தண்டில் ரோஸ் முட்டை: வாத்து ஏன் தொடுவதில்லை?

பீடோர் ஊர் அண்ணனுக்கு வணக்கம். நத்தையைத் தின்கிற வாத்து, கங்கோங் (வள்ளைக்கீரை) தண்டில் ஒட்டிய ரோஸ் முட்டையை மட்டும் விட்டுவிடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். வாத்தில் கோளாறு இல்லை. அது சிப்புட் கோண்டாங் எமாஸ், அதாவது தங்க ஆப்பிள் நத்தையின் முட்டை.

அந்த நிறமே எச்சரிக்கைதான். அஸ்டாக்சாந்தின் என்ற நிறமி ஒரு புரதத்தோடு சேர்ந்து அதைத் தருகிறது. அந்தப் புரதம் குடல் நொதிகளுக்கு மசியாது. தின்றாலும் உடம்பில் ஒட்டாது. பிவி2 என்ற இன்னொரு புரதம் அசல் நஞ்சு. அதன் ஒரு பகுதி செல்லின் மேலுள்ள சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும், மறுபகுதி செல் சவ்வில் துளை போடும். ஊசி வழியாகச் செலுத்திய சோதனையில் சுண்டெலிகள் நரம்பு பாதித்துச் செத்தன. ஒருவகை நெருப்பெறும்பு மட்டும் இந்த முட்டையைத் துணிந்து தின்னும்.

ஆக, முட்டைக்கு உங்கள் கைதான். நத்தை இரவில் முட்டை இடும், அது ஒன்று இரண்டு வாரத்தில் பொரிக்கும். அதனால் வாரம் இரண்டு தடவை பாருங்கள். வாய்க்கால் ஓரம் மூங்கில் குச்சி நட்டால் அதில் ஏறி இடும், சுரண்டுவது சுலபம். தண்ணீரில் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். புது முட்டை மூழ்கினால் கெடும். ஆனால் வெளிறிப்போனது பொரிக்கும் தறுவாயில் இருப்பதால் தண்ணீரிலும் பிழைக்கலாம். நசுக்கிப் புதைப்பதே சரி. கையுறை கட்டாயம், நத்தையில் மனிதரையும் தாக்கும் எலி நுரையீரல் புழு இருக்கலாம். கங்கோங்கைப் பச்சையாகத் தின்ன வேண்டாம்.

பெரிய நத்தைக்குப் பப்பாளி இலையைச் சாயங்காலம் போட்டு, காலையில் கூடியிருப்பதை அள்ளுங்கள். குஞ்சு நத்தையை வாத்து பார்த்துக்கொள்ளும்.