வேஷம் கட்டிய பாட்டு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டு மாதமாக போஸ்ட்மாடர்ன் ஜூக்பாக்ஸ் குழுவின் வீடியோக்களே கதியாகக் கிடக்கிறேன். இன்றைய பாப் பாட்டுகளை அந்தக் காலத்து ஜாஸ், ஸ்விங் பாணிக்கு மாற்றிப் பாடுகிறார்கள். சில பாட்டுகளில் அசலைவிட இதுதான் எனக்குப் பிடிக்கிறது. ஜாஸ் கேட்கும் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "அது ஜாஸ் இல்லை, மாறுவேடப் போட்டி" என்று சிரித்தார். நான் ரசிப்பது போலியையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நண்பர் சொன்னதில் பாதி சரி. ஆனால் அடுத்தவர் பாட்டை எடுத்து வாசிப்பது ஜாஸ்காரர்களின் பழைய தொழில். 'ஸ்டாண்டர்ட்' என்று இன்று மரியாதையோடு வாசிக்கிறார்களே, அவற்றில் பெரும்பகுதி நியூயார்க்கின் பிராட்வே நாடகப் பாட்டும் ஹாலிவுட் சினிமாப் பாட்டும்தான். இசையமைப்பாளர் கெர்ஷ்வினின் 'ஐ காட் ரிதம்' 1930ல் ஒரு மேடை நாடகத்துக்குப் போட்ட மெட்டு. அதில் மெட்டுக்கு அடியில் ஒலிக்கும் சுரக்கூட்டுகளின் (chord) வரிசையை மட்டும் உருவிக்கொண்டு எத்தனையோ புதுப் பாட்டுகள் செய்துவிட்டார்கள்.

ஸ்விங் என்றால் என்ன என்று தொடையில் தட்டியே பார்த்துவிடலாம். ஒரு அடியை இரண்டு சமபாதியாக வெட்டினால் நமக்குப் பழகிய பாப், ராக். அதையே 'தகிட' என்று மூன்றாக்கி, நடுவிலுள்ள 'கி'யைச் சொல்லாமல் விழுங்கிவிடுங்கள். த–ட, த–ட. நீளம், குட்டை. இந்தச் சின்ன நொண்டல்தான் விஷயம். (வேகம் கூடக் கூட நொண்டல் குறைந்துவிடும். கணக்குப் போட்டு வாசித்தால் வரவும் வராது.) தெரிந்த பாட்டை இப்படி நொண்டவிடும்போது காதுக்குள் இரண்டு பாட்டு ஓடுகிறது, பாடப்படுவது ஒன்று, நினைவில் இருப்பது ஒன்று. இரண்டும் உரசுமிடத்தில்தான் உங்களுக்குச் சிரிப்பு வருகிறது.

மேகன் டிரெய்னரின் 'ஆல் அபௌட் தட் பாஸ்' பார்த்திருப்பீர்கள். அசலில் 'பாஸ்' (தாழ்ந்த சுரம்) என்பது பூசினாற்போன்ற உடம்பைச் சொல்லும் சிலேடை. ஜூக்பாக்ஸில் கேட் டேவிஸ் ஒரு ஆள் உயரத்தில் வயலின் மாதிரி இருக்கும் டபுள் பாஸை அணைத்துப் பிடித்து, விரலால் மீட்டிக்கொண்டே அதைப் பாடுகிறார். சிலேடையே மரமும் கம்பியுமாக எதிரில் வந்து நிற்கிறது! நாலைந்து முறை கேட்டதில் வேடிக்கை தீர்ந்துபோனது, அவருடைய விரல்வேலை தீரவில்லை. அதனால் இன்னும் கேட்கிறேன். வேறு பல வீடியோக்களில் சட்டையும் தொப்பியும் மட்டும்தான் பழசு. அவற்றுக்கு நண்பரின் வார்த்தை பொருந்தும்.

நீங்கள் அடுத்துக் கேட்க வேண்டியது ஜாஸ் பாடகி எல்லா (Ella) ஃபிட்ஸ்ஜெரால்டு 1960 பிப்ரவரியில் பெர்லினில் பாடிய 'மேக் த நைஃப்'. அது 1928ல் அதே பெர்லினில், ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் எழுதி குர்ட் வைல் இசையமைத்த நாடகத்துக்காகப் பிறந்த கொலைகாரன் பாட்டு. லூயி ஆம்ஸ்ட்ராங்கும் பாபி டேரினும் பாடி அது அமெரிக்காவில் பாப் ஹிட்டாகியிருந்த நேரம். வரிகள் நினைவிருக்க வேண்டுமே என்று சொல்லிவிட்டுத்தான் ஃபிட்ஸ்ஜெரால்டு ஆரம்பிக்கிறார். பாதியில் மறந்தே போகிறது. நிறுத்தவில்லை. அடுத்த வரி என்ன என்று கேட்பதையே அதே மெட்டில், அதே தாளத்தில் பாடுகிறார். முன்னால் பாடிய இருவரின் பெயரையும் இழுத்து, இப்போது நாங்கள் இதைப் பாழாக்கிக்கொண்டிருக்கிறோம் என்று பாட்டுக்குள்ளேயே சொல்கிறார். அப்புறம் ஆம்ஸ்ட்ராங்கின் கரகரத்த குரலில் கொஞ்சம். தாளம் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. அந்தப் பாட்டுக்கு கிராமி விருது கிடைத்தது. வரி பிசகாமல் பாடியிருந்தால் இவ்வளவு சந்தோஷம் அதில் இருந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அது பிடித்தால் ஜான் கோல்ட்ரேனின் 'மை ஃபேவரிட் திங்ஸ்'. 1959ல் பிராட்வேயில் வந்த 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' பாட்டை அடுத்த ஆண்டே சோப்ரானோ சாக்ஸபோனில் எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய 14 நிமிடம் வாசிக்கிறார். பிடித்த பொருட்களை எண்ணிச் சொல்லும் குழந்தைத்தனமான பாட்டு அது. மெட்டை ஒருமுறை காட்டிவிட்டு, அடியில் பியானோ விடாமல் சுழன்றுகொண்டிருக்க, மேலே எங்கெங்கோ போய் மறுபடி மெட்டுக்கு வருகிறார். கர்நாடகக் கச்சேரியில் ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடும் நிரவல் கேட்டுப் பழகிய காதுக்கு அந்தத் திரும்பிவரும் இடம் உடனே பிடிபடும். எங்கள் வீட்டில் முதல்முறை போட்டபோது பத்தாவது நிமிடத்தில் சமையலறையிலிருந்து குரல் வந்தது: "என்ன, பாட்டு மாட்டிக்கிச்சா?"

எல்லோரும் தூங்கிய பிறகு கேளுங்கள்.